இரண்டு தவிலும் ஒரு சிவப்பு விளக்கும்

கல்யாண வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஐயர் சொல்லும் மந்திரம் தெளிவாகக் கேட்கும். மாப்பிள்ளையின் தங்கை யாரையோ கேலி செய்து சிரிப்பதுகூடக் கேட்கும். தாலி கட்டும் நேரம் வந்து, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று யாரோ கையைத் தூக்கினதும், தகரத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டு இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. அதோடு காது போயிற்று. கெட்டிமேளம் என்றால் வீடியோவில் அப்படித்தான் கேட்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அம்சவல்லி மட்டும் விடவில்லை.

அம்சவல்லிக்குச் சொந்த ஊர் நன்னிலம் பக்கம். அப்பா நடராசன் சொந்தத்தில் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமுமாக நெல் பயிரிடுகிறவர். மகளை இயற்பியல் படிக்க வைத்தார். படித்து முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை கிடைத்தது. கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. கண் படத்தில் இருந்தாலும் காது சத்தத்திலேயே போய் நின்றது. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் தாலி கட்டும் இடத்தில் அதே கரகரப்பு வருவதைப் பார்த்து, ஒருநாள் அந்த இடத்து ஒலியைத் திரையில் பெரிதாக்கினாள். மலை மலையாக ஏறி இறங்க வேண்டிய கோடு, உச்சியை அரிவாளால் சீவி எடுத்ததுபோல் தட்டையாக நின்றது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கணினியில் பதிகிற ஒலிக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் வருகிற சத்தத்தை அது வாங்கிக்கொள்ளாது, சீவித் தள்ளிவிடும். அதைத்தான் கிளிப் ஆவது என்பார்கள். பதிகிறபோதே சீவப்பட்டுவிட்டால் எவராலும் அதைப் பழையபடி ஒட்டவைக்க முடியாது. கேமராக்காரர் ஐயரின் குரலுக்குத் தகுந்தபடி மைக்கின் அளவைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். மெல்லிய குரலுக்கு வைத்த அளவில் தவில் வந்து விழுந்தால் அது எங்கே போகும்? முதலிலேயே அளவைக் குறைத்து வைத்து, உச்சிக்குக் கீழே நிறைய இடம் விட்டுப் பதிந்திருந்தால் தவிலும் முழுசாக வந்திருக்கும். அந்த இடத்துக்கு ஹெட்ரூம் என்று பெயர்.

அதன் பிறகு அம்சவல்லி முகூர்த்தங்களுக்குக் கூடவே போக ஆரம்பித்தாள். மேளக்காரர்கள் பக்கத்தில் தனியாக ஒரு ரெக்கார்டரை, அளவு நன்றாகக் குறைத்து, வைத்துவிட்டு வருவாள். அவள் கைபட்ட கல்யாணங்களில் கெட்டிமேளம் கெட்டிமேளமாகவே கேட்டது. "சத்தம் சுத்தமா வேணும்னா அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க" என்று பேச்சாயிற்று.

அவளைக் கட்டிக்கொண்ட தியாகேசன் திருவையாற்றுக்காரன். சொந்தமாக அறுவடை இயந்திரம் வைத்து ஓட்டுகிறவன். வருஷக்கணக்கில் அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து, அவன் சாதாரணமாகப் பேசுவதே பக்கத்து வயலில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் மனைவியின் தொழிலை அவன் வெகு மரியாதையாக நடத்தினான். கொல்லைப்புறத்தில் டயரும் தார்ப்பாயும் போட்டு வைத்திருந்த கொட்டகையைக் காலி செய்து, "இது உனக்கு" என்றான். வெளிச் சத்தம் வராமலிருக்க நாலு சுவருக்கும் வைக்கோல் கட்டுகளை அடுக்கினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதம் ஒரு முருகன் பாட்டின் உருக்கமான இடத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம் பதிந்தது. வைக்கோலைப் பிரித்துப் பார்த்தால் எலி குட்டி போட்டிருந்தது. பிறகு வைக்கோல் மாட்டுக்குப் போனது. தேங்காய்நார் மெத்தைகள் சுவருக்கு வந்தன.

இப்படியாக அம்சவல்லியின் ஒலிப்பதிவுக்கூடம் நடந்துகொண்டிருந்தபோது, வைகாசியில் ஈஸ்வரி வந்தார்.

ஈஸ்வரி நாகஸ்வரம் வாசிக்கிறவர். ஐம்பதை ஒட்டிய வயது. குழுவுக்கு அவர்தான் தலைமை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலுக்கு ஆனியில் குடமுழுக்கு. கோயில்காரர்களுக்கு ஓர் ஆசை. தங்கள் சாமி புறப்பாட்டுக்கென்றே, அப்போது வாசிக்கிற மேள இசையான மல்லாரி ஒன்றைப் பதிவு செய்து, குடமுழுக்குக்கு முதல் நாள் மேடையில் வெளியிட வேண்டும். அன்று மாலையே அது இணையத்திலும் ஏற வேண்டும். அந்த ஊர் அம்சவல்லி பிறந்த ஊர். விழாக் குழுவில் அவள் அப்பாவும் இருந்தார். அதனால் வேலை யாருக்கு என்பதில் பேச்சே எழவில்லை.

"எல்லாம் சரி அம்சா, ஒரே ஒரு சங்கதி. என் ரெண்டு தவிலும் இப்பப் பேசிக்கிறதில்ல. தெரியுமில்ல?" என்றார் ஈஸ்வரி.

அம்சவல்லிக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். பெரியவர் குஞ்சிதபாதம். சின்னவர் இராஜாங்கம். இராஜாங்கத்தின் அக்காளைத்தான் குஞ்சிதபாதம் கட்டியிருக்கிறார். அத்தான், மாப்பிள்ளை என்று ஒரே இலையில் சாப்பிடாத குறையாக இருந்தவர்கள். ஒரு திருவிழாவுக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனரில் இராஜாங்கத்தின் முகம் பெரிதாகவும் குஞ்சிதபாதத்தின் முகம் நாணயம் அளவுக்கும் விழுந்துவிட்டது. அச்சடித்தவன் செய்த கோளாறு. குஞ்சிதபாதம் அதைப் பார்த்து, "மாப்ளைக்கு வெயில்ல நிழல் வேணும்னா சொல்லிருக்கலாம், நானே குடை பிடிச்சிருப்பேன்" என்று யாரிடமோ சொன்னார். அது இராஜாங்கத்தின் காதுக்கு வந்துசேர்ந்தது. அன்றைக்கு நின்ற பேச்சு. மேடையில் மட்டும் பேசிக்கொள்வார்கள், அதுவும் தவில் வழியாக. பாவம், நடுவில் அந்த அக்காள்தான் வீட்டில் இருவருக்கும் செய்தி சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

பதிவு நாளன்று ஈஸ்வரியை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள் அம்சவல்லி. தவில்காரர்கள் கொட்டகையில். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குக் கேட்க, மூவர் காதிலும் ஹெட்போன். ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் அதிகம் விழாதபடி நடுவில் ஒரு மெத்தையை நிமிர்த்தி வைத்தாள். அந்த மெத்தை இருவருக்குமே பிடித்துப்போயிற்று.

"லெவல் பாக்கணும், வாசிங்கய்யா" என்றாள்.

குஞ்சிதபாதம் விரல்களில் கூடு மாட்டி, நாலு தட்டுத் தட்டினார். திரையில் பச்சைக் கோடு பாதிக்கும் கீழேயே நின்றது. அதற்கு மேலும் அவள் அளவைக் குறைத்தாள். எட்டிப் பார்த்த இராஜாங்கத்துக்கு மனசு கேட்கவில்லை.

"என்னம்மா, பாதிகூட ஏறல. இன்னும் கொறைக்கிற?"

"இப்ப நீங்க வாசிக்கிறது எனக்காகண்ணே. அக்கா நாயனத்த எடுத்ததும் வாசிக்கப்போறது வேற" என்றாள் அவள்.

அவள் சொன்னதுதான் நடந்தது. மல்லாரி காலம் மாறி வேகமெடுத்ததும், மெத்தைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், பழைய ஃப்ளெக்ஸ் கணக்கையெல்லாம் அங்கேயே தீர்த்துக்கொண்டார்கள். கொட்டகைக் கதவின் கீல் அதிர்ந்தது. பச்சைக் கோடு மஞ்சளுக்கு ஏறியதே தவிர, சிவப்பைத் தொடவில்லை. அம்சவல்லி விட்டு வைத்திருந்த இடம் அவர்கள் கோபத்துக்கும் போதுமானதாக இருந்தது.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அம்சவல்லிக்கு ஒரு குணம். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது. தனித்தனியாகப் பதிந்ததை ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையை மூன்று பேருக்கும் செல்போனில் அனுப்பிவைத்தாள். முதலில் கூப்பிட்டவர் இராஜாங்கம்.

"அம்சா, பிரமாதம். ஆனா என் தவில்தான் பக்கத்து ஊர்ல வாசிக்கிற மாதிரி இருக்கு."

"ஏத்திடறேண்ணே" என்றாள். ஏற்றினாள்.

மறுநாள் குஞ்சிதபாதம் நேரிலேயே வந்தார். கையில் ஒரு சீப்புப் பூவன்பழம். நாற்காலியில் உட்கார்ந்து, மழை, மேட்டூர் தண்ணீர், பேத்தியின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும்போது சொன்னார்.

"அருமையா வந்துருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு. அவரு தவிலு கொஞ்சம் முன்னால வந்து உக்காந்துருக்கு. நான் குத்தமாச் சொல்லல."

அவள் கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியவர் அவர். எப்படி மறுப்பது? அவருடையதையும் ஏற்றினாள். அன்று சாயங்காலம் ஈஸ்வரி கூப்பிட்டார்.

"ஏம்மா, இது நாயனமா, இல்ல அவங்க ரெண்டு பேருக்கும் நான் ஒத்து ஊதறேனா?"

நாகஸ்வரமும் ஏறியது. உடனே இராஜாங்கம் மறுபடி. பிறகு மறுபடி பழச்சீப்பு.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் உச்சியைத் தொடவில்லை. ஆனால் இரண்டு தவில், நாகஸ்வரம், தாளம், சுருதி எல்லாம் ஒன்றுகூடி விழுகிற கடைசித் தடம் ஒன்று உண்டல்லவா, அங்கே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. அவள் அதன்மேல் லிமிட்டரைப் போட்டாள். உச்சியைத் தாண்ட விடாமல் சத்தத்தைத் தலையில் அழுத்துகிற மென்பொருள் அது. அளவாகப் போட்டால் நல்ல துணை. அவளோ அது இருக்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் இன்னும் தள்ளினாள். போதாக்குறைக்கு, லிமிட்டர் அழுத்தி முடித்த பிறகும் கடைசியில் ஒரு சுற்று ஏற்றினாள். விளக்கு அணையவே இல்லை.

காப்பி கொண்டுவந்த தியாகேசன் திரையைப் பார்த்தான்.

"சிவப்பு எரியுதே. நம்ம மெஷின்ல இப்படி எரிஞ்சா நான் வயல்லயே நிறுத்திருவேன்."

"இது வேறங்க."

"அப்படியா" என்று அவன் போய்விட்டான்.

வேறு இல்லை என்று அவளுக்குத் தெரியும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும், உச்சிகள் சீவப்பட்டு நிற்பது தெரிந்துவிடும். அவள் பெரிதாக்கவில்லை. போனில் போட்டுக் கேட்டாள். சின்ன ஸ்பீக்கரில் என்னவோ அமர்க்களமாகத்தான் இருந்தது. மூவருக்கும் அனுப்பினாள். மூவரும் சந்தோஷப்பட்டார்கள். மூவரும் ஒரே நாளில் சந்தோஷப்பட்டது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. அந்த நிம்மதியிலேயே அதைக் கோயிலுக்கும் அனுப்பிவிட்டாள்.

குடமுழுக்குக்கு முதல் நாள் பிற்பகல், கோயில் வாசலில் பந்தல் நிறைந்த கூட்டம். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. ஊர் முகத்தில் அந்தக் குளிர்ச்சி தெரிந்தது. நடராசன் வெள்ளைச் சட்டையும் தோளில் புதுத் துண்டுமாக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எல்லாத்தையும் கலந்து சேத்தது நம்ம அம்சாதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னத்தைக் கலந்தாள் என்று சிலர் கேட்டார்கள். அவருக்கும் சரியாகத் தெரியாது. "எல்லாத்தையும்" என்றார்.

மைக்செட் நன்னிலத்து ஷஹ்பாஸுடையது. சுற்றுப்பட்டுக் கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம், தர்கா விழா எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆள் உயரப் பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார். பெரியவர் ஒருவர் குத்துவிளக்கு ஏற்றினதும் ஷஹ்பாஸ் மல்லாரியை ஓடவிட்டார்.

சுருதி வந்தது. நாகஸ்வரம் எழுந்தது. கூட்டம் அடங்கியது. தவில்கள் இரண்டும் சேர்ந்து விழுந்தன.

அவள் அத்தனை வருஷமாகத் துரத்திய அதே தகரம், ஆள் உயரப் பெட்டியிலிருந்து, பிறந்த ஊர் முழுதும் கேட்கும்படி வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. ஷஹ்பாஸ் ஓடிப்போய் வயரைப் பிடுங்கிச் சொருகினார். சத்தத்தைக் குறைத்தார், கரகரப்பும் சிறியதாகி அப்படியே இருந்தது. ஒரு பெட்டியை நிறுத்தி மற்றதை மட்டும் ஓடவிட்டார். அதிலும் அதேதான். அதற்குள் நடராசன் அவரிடம் போய்விட்டார்.

"என்னப்பா பெட்டி கொண்டாந்துருக்க? எம் பொண்ணு ஒரு மாசமா உக்காந்து செஞ்சத இப்படிக் கிழிக்கிற?"

"பெரியவரே, காலைல இதே பெட்டிலதான் யாகசாலை மந்திரம் போச்சு. நல்லாத்தான இருந்துச்சு?"

"அப்ப எம் பொண்ணுதான் தப்பா செஞ்சுட்டாங்கிறியா?"

ஷஹ்பாஸ் தலையைத் திருப்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அம்சவல்லியை ஒரு முறை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. இருந்தும் அவர் குனிந்து, கோளாறு ஒன்றுமில்லாத வயரை மறுபடி ஆராய ஆரம்பித்தார். விழாக் குழுவில் இன்னும் இரண்டு பேர் அவரைச் சுற்றி நின்று, மற்ற ஊர் மைக்செட்டுகளின் பெருமையைப் பேசத் தொடங்கினார்கள்.

அம்சவல்லி ஒரு கணம் கணக்குப் பார்த்தாள். பேசாமல் நின்றால் இது பெட்டியின் தலையில் விழுந்து முடிந்துவிடும். அப்பாவின் புதுத் துண்டு அப்படியே இருக்கும். ஆனால் நாளைக்கு இந்த மனுஷனை அடுத்த கோயிலில் யார் கூப்பிடுவார்கள்? அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"அப்பா, அவர விடுங்க. பெட்டில ஒண்ணும் இல்ல. நான் கலந்ததுதான் கிழிஞ்சிருக்கு."

நடராசனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "என்னம்மா சொல்ற?"

"சத்தத்த அளவுக்கு மேல ஏத்திட்டேன்ப்பா. தெரிஞ்சேதான் ஏத்தினேன். இவரு எந்தப் பெட்டி வச்சாலும் இப்படித்தான் வரும்."

நடராசன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமா வருத்தமா என்று சொல்ல முடியாத முகம். பிறகு ஷஹ்பாஸ் பக்கம் திரும்பி, "நிறுத்திருப்பா. நான் பேசுனத மனசுல வச்சுக்காத" என்றார். மகள் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அதற்குள் ஈஸ்வரி மேடையேறிவிட்டார். "ஆளுங்க நாங்க இங்கதான இருக்கோம், பெட்டி எதுக்கு?" என்று சொல்லி நாகஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்தார். தவில்காரர்கள் இரண்டு பேரும் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். நேரில் வாசித்த மல்லாரி பந்தலையே தூக்கியது. விழா கெடவில்லை. இறங்கி வந்தபோது ஈஸ்வரி அவளைத் தூண் ஓரமாக அழைத்துப்போனார்.

"என்னடி ஆச்சு?"

"ஆளாளுக்குக் கேட்டத எல்லாம் போட்டேங்க்கா."

"நாங்க கேப்போம். மேளக்காரங்க எப்பக் கேக்காம இருந்துருக்கோம்? கேட்டா போட்டுருவியா?"

அம்சவல்லி தலைகுனிந்து, இணையத்தில் ஏற்றுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள். ஈஸ்வரி சரி என்றார்.

குடமுழுக்கு முடிந்து திருவையாற்றுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே கவலைதான். கலவை கிழிந்தது கலவையோடு போகட்டும். முதலில் பதிந்ததே எங்காவது கிழிந்திருந்தால்? மறுபடி மூன்று பேரையும் கூட்டி, மெத்தையை நிறுத்தி, அந்த வேகத்தை எங்கே போய்த் தேடுவது? வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய்த் தடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மிக உயரமான அடிக்கு மேலேகூட நிறைய வெள்ளை இடம் மிச்சம் இருந்தது. ஓர் உச்சியும் சீவப்படவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதவருகே நின்ற தியாகேசன், "என்ன, போச்சா?" என்றான், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

"இருக்குங்க. எல்லாம் அப்படியே இருக்கு."

எல்லாத் தடங்களையும் அடியோடு கீழே இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் முதலிலிருந்து தொடங்கினாள். நாகஸ்வரத்தை முதலில், தணிவாக, நடுவில் வைத்தாள். ஒரு தவிலை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் நகர்த்தினாள். ஒருவர் முன்னால் வந்து சொற்கட்டு வாசிக்கிற இடத்தில் மற்றவரை ஏற்றாமல், அவர் பக்கத்தைத் துளி தணித்தாள். ஒன்றை உயர்த்துவதைவிட மற்றதைத் தாழ்த்தினால் வேலை நடக்கிறது. இது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். கை இப்போதுதான் கேட்டது. கடைசித் தடத்தில் கோடு உச்சிக்குக் கீழே சௌகரியமாக ஆடிக்கொண்டிருந்தது. லிமிட்டரை அவள் தொடவே வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் பாட்டு போடுகிற தளங்கள் எப்படியும் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். கத்தி வந்த பாட்டுக்கு அங்கே தனி மரியாதை கிடையாது.

பிறகு தவில்காரர்கள் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாள். மற்றவர் வருவதை இருவரிடமும் சொல்லவில்லை. வந்து பார்த்து இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொட்டகையில் இருந்தது ஒரே பெஞ்சு. ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

மல்லாரி ஓடியது. குஞ்சிதபாதம் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சத்தம் கம்மியா இருக்கேம்மா" என்றார்.

"அந்தத் திருகு உங்க பக்கத்துலயே இருக்குங்கய்யா. வேணுங்கிற அளவுக்குத் திருப்பிக்கோங்க. ஏத்தறது கேக்குறவங்க கையில இருக்கட்டும்."

அவர் சந்தேகத்தோடு திருப்பினார். தவில் வளர்ந்தது. இன்னும் திருப்பினார். இன்னும் வளர்ந்தது. எங்கேயும் கிழியவில்லை. தோல் அதிர்வதும் விரல் கூடு பட்டு நறுக்கென்று தெறிப்பதும் தனித்தனியாகக் கேட்டன. பக்கத்து வீட்டு அம்மாள் என்னவோ ஏதோ என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

வேகம் தணிகிற ஓர் இடம் வந்தது. இராஜாங்கம் திடீரென்று கையைத் தூக்கினார்.

"அம்சா, அவரக் கேளு. இந்த எடத்துல தொப்பில என்ன பண்றாரு?"

தொப்பி என்பது தவிலில் குச்சியால் வாசிக்கிற பக்கம். அம்சவல்லி அந்த இடத்தை மறுபடி போட்டாள். மேலே இராஜாங்கத்தின் அடி போய்க்கொண்டிருக்க, அடியில் குஞ்சிதபாதத்தின் குச்சி தோலை அமுக்கி, உறுமல் மாதிரி ஒரு கும்கியை இழுத்துக்கொண்டே போனது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே கலந்தவள்தான். பக்கத்திலேயே நின்று இத்தனை வருஷம் வாசித்தவருக்கு அது இன்றுதான் கேட்டிருக்கிறது.

"அவர்கிட்ட சொல்லும்மா," என்றார் குஞ்சிதபாதம், "அது எப்பவும் பண்றதுதான்."

"எப்பவுமா?" இராஜாங்கம் பெஞ்சில் திரும்பியேவிட்டார். "அத்தான், எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே."

"நீ அதுமேலயே ஏறி அடிச்சா எப்படிக் கேக்கும் மாப்ள?"

இராஜாங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்சா, அந்த எடத்துல என்னோடத இன்னும் கொறச்சிரு" என்றார்.

"எதுக்கு கொறைக்கணும்? அவன் அடி இருந்தாத்தான் இது எடுபடும். வேணும்னா என்னோடத கொறை" என்றார் குஞ்சிதபாதம்.

"இல்லத்தான், நீங்க சும்மா இருங்க."

"நீ சும்மா இரு."

இருவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தார்கள். அம்சவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, பழைய பயமும் வந்தது. சுட்டெலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டும் இப்ப இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நான் மாத்த மாட்டேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. குஞ்சிதபாதம், "சரி, அவளே சொல்லிட்டா" என்று எழுந்தார். இருவரும் பேசிக்கொண்டேதான் தெருவில் நடந்தார்கள். ஃப்ளெக்ஸ் பேனரைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை நாள் வீட்டில் அக்காள் வழியாகப் போட்ட சண்டையை இப்போது நேராகப் போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த திருவிழா பேனரில் இரண்டு பேர் படமும் வேண்டாம், ஈஸ்வரி படம் மட்டும் போதும் என்று ஏகமனதாக முடிவானதாகப் பிறகு தெரிந்தது.

புது மல்லாரியை முதலில் ஷஹ்பாஸுக்குத்தான் அனுப்பினாள். மண்டலாபிஷேகத்தன்று அவர் அதை அதே பெட்டிகளில் போட்டார்; அன்று மாலையே அது இணையத்திலும் ஏறியது. விழாக் குழுவில் ஒருவர், "சத்தம் பத்தலையே" என்றார். ஷஹ்பாஸ் தன் பக்கத்துத் திருகை ஒரு சுற்றுத் திருப்பினார். அவ்வளவுதான். நடராசன் ஒரு பெட்டிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, மல்லாரி முடிகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் ஷஹ்பாஸைத் தேடிப் பிடித்துத் தன் பக்கத்து இலையில் உட்காரவைத்து, "இவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்கப்பா" என்று பரிமாறுகிறவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

கை கழுவுகிற இடத்தில் ஷஹ்பாஸ் அம்சவல்லியிடம் கேட்டார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க பேசாம நின்னிருந்தா எனக்கு இந்தப் பக்கம் நாலு கோயில் போயிருக்கும். இப்ப ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? எனக்குப் பெட்டி தெரியும், வயர் தெரியும். மேடைல நாலஞ்சு மைக் வந்துட்டா கலக்கத் தெரியாது. நீங்க வந்து உக்காந்தா நல்லாருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள். உடனே சரி என்று சொல்லாமலிருந்தது அவளுக்கே புதுசாக இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

அறுவடையெல்லாம் முடிந்த அடுத்த சித்திரையில், பூம்புகாரில் மீனவர்கள் தெருவில் ஓர் அம்மன் திருவிழா. ஷஹ்பாஸின் வண்டியைத் தியாகேசன் ஓட்டிவந்தான். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவனிடம் ஊர்க்காரர் ஒருவர், "நீங்கதான் சவுண்ட் இன்ஜினியரா?" என்று கேட்டார்.

"அவங்கதான் இன்ஜினியர். நான் வெறும் சவுண்டு" என்றான் தியாகேசன். அது மேடை வரைக்கும் கேட்டது.

அம்சவல்லி மைக்குகளுக்குப் பஞ்சு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். கடல்காற்று அவளுக்குப் புது எதிரி. ஒருவரும் பேசாதபோதே மீட்டரில் கோடு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. பாட வந்திருந்த பையன்கள் அடுத்தடுத்து வந்து, "அக்கா, என் மைக்க மட்டும் கொஞ்சம் தூக்கி வைங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். கை இருந்த இடத்திலேயே இருந்தது. மதியம் அந்தத் தெருவில் யாரோ ஒரு வீட்டில் வஞ்சிர மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். மூவரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வேலையைத் தொடங்கினார்கள்.